மங்கலதேவி மலையில் ஒரு நாள்

உபாத்தியாயத் தொழிலில் இருபது வருஷங்களுக்கு மேல் கழித்துவிட்டோம். வருஷந்தோறும் சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தின் கதையை வகுப்பில் சொல்லி வருகிறோம். மதுரையை எரித்த கண்ணகி மலை ஏறியதும், குன்றக் குறவர் அவளைக் கண்டதும், சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து கோட்டம் எடுத்ததும் நமக்குப் புஸ்தகம் பாராமலே வரும். சென்ற வருஷம் பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து நின்று, "ஸார், அந்தக் கோயில் இப்போது எங்கே இருக்கிறது? நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டான்.

"கூடலூருக்கு மேலே மலையில் இருக்கிறது" என்றோம். "நாம் போனதில்லை" என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியதாயிற்று. வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆயினும் நமக்குச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது. ஏனெனில் கூடலூர் நமக்கு வேற்றூரன்று. நம் அத்தை வாழ்க்கைப்பட்ட ஊர். சிறு வயதில் எத்தனையோ கோடை விடுமுறைகளை அங்கே கழித்திருக்கிறோம். அத்தை வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மேற்கே தெரிவது அந்த மலைதான்.

அத்தைக்கு இப்போது வயது எழுபத்திரண்டு. அவளும் அங்கே போனதில்லை. மாமா இருந்தபோது, "அடுத்த சித்திரைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப் போட்டார்களாம். அவர் காலமான பிறகு, "இனி நமக்கென்ன அங்கே வேலை?" என்று இருந்துவிட்டாள். அப்படியே நாற்பது சித்திரைகள் போய்விட்டன. பையனுடைய கேள்வி மனத்தை உறுத்திக்கொண்டே இருந்ததால், இந்தத் தடவை பங்குனியிலேயே அத்தையைக் கூப்பிட்டு, "பௌர்ணமிக்கு வருகிறோம்; நீங்களும் மலைக்கு வரவேண்டும்" என்று சொல்லி வைத்தோம். "என்னாலே ஏற முடியுமா தம்பி?" என்றாளே தவிர, வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

வைகையைத் தொடர்ந்து

நாமும் இல்லாளும் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுமாக மதுரையிலிருந்து ரயில் ஏறினோம். இந்த ரயில் பாதைக்கே ஒரு சரித்திரம் உண்டு. 1928-இல் போடிநாயக்கனூர் வரையில் போடப்பட்டது. இரண்டாவது உலக யுத்தத்தின் போது தண்டவாளங்களைப் பெயர்த்துக் கொண்டு போய்விட்டார்கள். யுத்தம் முடிந்த பின் மறுபடி போட்டு ஓட்டினார்கள். அகலப் பாதையாக்குவதற்காக 2010-இன் முடிவில் நிறுத்திய வண்டி, 2022-இல் தேனி வரையிலும், 2023-இல் போடி வரையிலும் திரும்பி வந்தது.

மேற்கு நோக்கிப் போகிற இந்த வழி, ஏறக்குறையக் கண்ணகி போன வழிதான். கணவனைப் பறிகொடுத்து, அரண்மனையில் வழக்குரைத்து, நகரத்தை நெருப்புக்குக் கொடுத்த பின், அவள் வைகைக் கரையோடு மேற்கே நடந்தாள். பதினான்காம் நாள் மலைமேல் நின்றாள் என்பது கதை. நாம் உட்கார்ந்தபடியே முறுக்குத் தின்றுகொண்டு தேனியை அடைந்தோம்.

வழியில் ஆண்டிபட்டி வருகிறது. அதற்கு அருகே வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006-ஆம் வருஷம் தமிழ்ப் பல்கலைக் கழகத்தார் சில நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய தமிழ் எழுத்துகள் அவற்றில் உள்ளன. ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனுக்கு நட்ட கல்லில் 'கூடல் ஊர்' என்ற பெயரும் காணப்படுகிறது. இறந்தவரைக் கல்லில் நிறுத்தி வணங்கும் வழக்கம் இந்த ஆற்றங்கரையில் அவ்வளவு பழமையானது. செங்குட்டுவன் கல் தேடி வடக்கே போனதை மகளுக்கு விளக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று பேசிக்கொண்டே போனோம்.

தேனியிலிருந்து பஸ். கம்பம் பள்ளத்தாக்கு என்பது இரு புறமும் மலைச் சுவர் எழுப்பிய ஒரு நீண்ட தோட்டம். நெல், தென்னை, வாழை, பந்தலில் தொங்கும் பன்னீர்த் திராட்சை. இந்தத் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முதலில் வருவது சின்னமனூர். பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட பாண்டியன் இராசசிம்மனுடைய செப்பேடு கிடைத்த ஊர். பாண்டியர் மதுரையில் சங்கம் வைத்ததையும், மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் சொல்லும் செப்பேடு அது. பிறகு உத்தமபாளையம், அங்கே பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள். அப்பால் கம்பம். கடைசியில் கூடலூர். பொழுது சாயும் நேரத்துக்கு அத்தை வீட்டுத் திண்ணையில் இருந்தோம்.

மன்னர்களும் மலையும்

அன்றிரவு மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தோம். நிலவு ஏறக்குறைய முழுமையாயிருந்தது. மகள் கேட்டாள்: "அப்பா, அந்த மலைதான் என்று எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. காவியம் கண்ணகி நின்ற இடத்தை நெடுவேள் குன்றம் என்கிறது. அது திருச்செங்கோடு என்பது பழைய உரை மரபு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தை அச்சிட்டு வெளியிட்டதற்குப் பிறகு தமிழ்நாடு முழுதும் அதைப் படித்தது. அறிஞர்கள் இடங்களைத் தேடத் தொடங்கினார்கள். பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி நடந்த வழியை ஆராய்ந்து தாமும் நடந்து, 1963-இல் இந்த மலைக்கு வந்து சேர்ந்தார். காவியத்தின் இறுதிக் காதையில் மங்கல மடந்தையின் கோட்டம் என்ற ஒன்று பேசப்படுகிறது. இந்த மலையின் பெயரோ மங்கலதேவி. இங்கே பாழடைந்த கற்கோயிலும் சுனையும் கல்வெட்டும் இருந்தன. இதுவே அக்கோட்டம் என்று அவர் முடிவு கட்டினார்.

கோட்டத்தை எழுப்ப முதலில் சொன்னவள் ஓர் அரசி என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். குறவர் கண்டு வந்து சொன்ன செய்தியைச் செங்குட்டுவன் கேட்டான். கணவனோடு உயிர் நீத்த பாண்டிமாதேவி பெரியவளா, நீதி கேட்டுவிட்டு நம் நாட்டுக்கு வந்தவள் பெரியவளா என்று தன் தேவியிடம் வினவினான். வேண்மாள் முன்னவளை மறுக்கவில்லை. அவள் வானுலகத்தில் பெருஞ்சிறப்புப் பெறட்டும் என்றாள். ஆனால் நம் நாடு தேடி வந்த பத்தினியை நாம் வழிபட வேண்டும் என்றாள். அந்தச் சொல்லுக்காக ஓர் அரசன் படை திரட்டி இமயம் சென்றான். கல் எடுத்து, கனக விசயர் தலையில் ஏற்றி, கங்கையில் நீராட்டிக் கொண்டுவந்தான். பிரதிஷ்டையின் போது மாளுவ வேந்தரும், இலங்கையின் கயவாகுவும் உடனிருந்தார்கள் என்கிறது காவியம். கயவாகு கி.பி. இரண்டாம் நூற்றாண்டினன், சங்க காலத்தைக் கணிக்க அவன் பெயரே நம் சரித்திர ஆசிரியர்களுக்கு ஓர் அளவுகோலாயிற்று. இன்றும் கண்டிப் பெரஹராவில் பத்தினி தெய்வத்துக்குத் தனி ஊர்வலம் உண்டு. மட்டக்களப்புத் தமிழர் கண்ணகை அம்மனுக்கு வைகாசியில் விழா எடுக்கிறார்கள்.

பாண்டிய வம்சத்துக்கும் இந்தப் பள்ளத்தாக்குக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. மதுரையில் அரசுரிமைப் போரும் படையெடுப்பும் மிகுந்த காலத்தில், அரச குடும்பத்துக் கிளைகள் சில இந்தப் பக்கத்து மலைகளைத் தாண்டி மேற்கே போயின என்றும், அவைதாம் பந்தளத்திலும் பூஞ்சாற்றிலும் அரசு செய்தன என்றும் அக்குடும்பங்களின் பரம்பரை வரலாறு சொல்லுகிறது. பூஞ்சாற்று அரசர் 1877-இல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்கு 227 சதுர மைல் மலைக்காட்டைக் குத்தகைக்குக் கொடுத்தார். இன்றைய மூணாறு தேயிலைத் தோட்டங்களெல்லாம் அதிலிருந்து உண்டானவை.

இவ்வளவையும் சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தால் மகள் தூங்கிவிட்டாள். அத்தைதான் விழித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "ராசா மேலே தப்பு, அதை எடுத்துச் சொன்னது ஒரு பொம்பளை. கோயில் கட்டச் சொன்னதும் பொம்பளைதானா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஏற்றம்

மலைக்கு இரண்டு வழிகள். குமுளியிலிருந்து காட்டு ரஸ்தாவில் ஜீப் போகிறது. கூடலூர்ப் பக்கம் அடிவாரத்திலுள்ள பளியன்குடியிலிருந்து சுமார் நான்கு மைல் நடைபாதை. "ஜீப்பில் போய்விடலாம், அத்தை" என்றோம். "நடந்து போனவளைப் பார்க்க நடந்துதான் போகணும்" என்றாள். அதற்கு மேல் பேச இடமில்லை.

இந்தக் காடு பெரியாறு புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. ஆகையால் வருஷத்தில் சித்திரா பௌர்ணமி ஒரு நாள் மட்டுந்தான் கோயிலுக்கு அனுமதி. தேனி, இடுக்கி இரு ஜில்லாக் கலெக்டர்களும் கலந்து பேசி ஏற்பாடு செய்கிறார்கள். காலை ஆறு மணிக்கு வழி திறந்தது. வனத்துறைக் காவலர்கள் மூட்டைகளைச் சோதித்துப் பிளாஸ்டிக் பைகளையும் சிறு தண்ணீர்ப் புட்டிகளையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நம் கையிலிருந்த புட்டியும் போயிற்று. நல்ல வேளையாக, இல்லாள் பழைய பித்தளைக் கூஜாவைக் கொண்டுவந்திருந்தாள்.

பளியன்குடியில் வாழ்பவர்கள் பளியர் என்னும் மலைமக்கள். அவர்களில் ஓர் இளைஞர் எங்களோடு சிறிது தூரம் வந்தார். அத்தை மூச்சு வாங்குவதைக் கண்டு, மூங்கில் கழி ஒன்றைச் சீவிக் கையில் கொடுத்தார். "கண்ணகியை முதலில் கண்டவர்கள் மலைக் குறவர் என்று புஸ்தகத்தில் இருக்கிறது" என்றோம். அவர் சிரித்து, "மலையிலே யார் வந்தாலும் மலையிலே இருக்கிறவங்கதானே சாமி முதல்ல பாப்பாங்க?" என்றார். இருபது வருஷம் பாடம் சொன்ன நமக்கு இது தோன்றியதே இல்லை.

ஏற்றம் செங்குத்தானது. முதலில் முட்புதர், பிறகு மரக்காடு, அதற்கும் மேலே ஆள் உயரப் புல். வேங்கை மரம் ஒன்றைக் காட்டினார்கள். ஒரு மார்பை இழந்து நின்ற கண்ணகி வேங்கை மர நிழலில்தான் நின்றாள் என்று காவியம் சொல்லுவதால், ஜனங்கள் அதன் அடியில் சற்று நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அரை மைலுக்கு ஒரு தரம் அத்தை உட்கார்ந்தாள். குழந்தையைத் தோளில் சுமந்தவர்கள், கால் நொண்டும் கிழவர், புது மணத் தம்பதிகள் எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். போகிறவர்கள் எல்லோரும், "பாட்டி, வந்தாச்சு, வந்தாச்சு" என்று ஒரு பொய் சொல்லிவிட்டுப் போனார்கள். நான்கு மணி நேரத்துக்கு மேலாயிற்று.

இடிந்த கோட்டம்

கடல் மட்டத்துக்கு மேல் 4,300 அடிக்கும் அதிகமான உயரத்தில், திறந்த புல்வெளி ஒன்றில் கோட்டம் நிற்கிறது. கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கு முழுதும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தெரிகிறது. அத்தை தன் ஊரைத் தேடிக் கண்டுபிடித்து, "அதோ நம்ம வீடு" என்றாள். உண்மையில் அவ்வளவு தூரத்தில் தெரிவது ஊரே ஒரு புள்ளியாகத்தான்.

கோபுரத்தையும் மண்டபத்தையும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். சுற்றிலும் கருங்கல் மதில். அதன் உள்ளே சிறு சிறு கற்கோயில்கள். சுதையின்றிக் கல்லின் மேல் கல்லாக அடுக்கிய கட்டடம். மேற்கூரைகள் சரிந்திருக்கின்றன. பெரிய பெரிய கற்பலகைகள் புல்லில் கிடக்கின்றன. இந்தக் கட்டடம் செங்குட்டுவன் காலத்ததன்று. இடைக்காலத்துப் பாண்டியர் பாணியில் அமைந்தது. சேரன் நிறுத்திய தெய்வத்துக்கு, அவளால் மதுரையை இழந்த பாண்டியரின் பாணியில் கோயில் அமைந்திருப்பதை எண்ணிக்கொண்டு சற்று நின்றோம். தமிழ்க் கல்வெட்டுகள் மழையிலும் காற்றிலும் தேய்ந்திருக்கின்றன. மகள் ஒரு கல்லின் மேல் விரலை ஓட்டி இரண்டே எழுத்துகளைப் படித்துவிட்டு, மூன்றாவதில் தோற்றுப்போனாள்.

இந்தக் கோயில் எந்த மாநிலத்தின் மண்ணில் இருக்கிறது என்பதில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நெடுங்காலமாக வாதம் உண்டு. அதில் புகுந்து தீர்ப்புச் சொல்ல நாம் முற்படவில்லை. விழா நாளன்று இரு பக்கத்து அர்ச்சகர்களும் தத்தம் முறைப்படி பூஜை செய்கிறார்கள். இரு பாஷைகளிலும் ஜனங்கள் வேண்டிக்கொள்ளுகிறார்கள். அன்று ஒரு குறையும் தெரியவில்லை. குறை மற்ற நாட்களில்தான். கல்லைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பு யாருடையது என்பது தீர்வதற்குள் இன்னும் எத்தனை கற்கள் விழுமோ தெரியாது. இமயத்திலிருந்து கல் கொண்டுவந்ததாகப் பெருமை பேசும் நாம், காலடியில் விழுந்த கல்லை எடுத்து வைக்கக் கூடாதா? இரு சர்க்கார்களும் கூடி விழா நடத்த முடிகிறதென்றால், கூடித் திருப்பணியும் செய்ய முடியும் என்பதே அங்கே நின்ற பலருடைய அபிப்பிராயம்.

வளையல்

சந்நிதியில் பட்டும் பூவுமாக அம்மனை அலங்கரித்திருந்தார்கள். நெடு நேரம் வரிசையில் நின்று தரிசனம் செய்தோம். வெளியே வந்தபோது பெண்களுக்கு மஞ்சள் கயிறும் குங்குமமும் கண்ணாடி வளையலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இல்லாளும் மகளும் வாங்கிக்கொண்டார்கள். அத்தை நாலடி விலகி, மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு நின்றாள். நாற்பது வருஷமாகக் கல்யாண வீடுகளில் அவள் நிற்கிற இடம் அது. நாமும் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்களே. என்றைக்கும் ஒன்றும் சொன்னதில்லை.

வளையல் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாள், "பாட்டி, கையை நீட்டுங்க" என்றாள்.

"எனக்கு எதுக்கு அம்மா? சின்னப் பிள்ளைகளுக்குக் குடு" என்றாள் அத்தை.

அந்த அம்மாள் அத்தையின் வெறும் நெற்றியைப் பார்த்தாள். பிறகு சந்நிதிப் பக்கம் தலையைத் திருப்பி, "உள்ளே இருக்கிறவங்க மட்டும் யாரு, பாட்டி?" என்றாள்.

அத்தை பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்துக் கையை நீட்டினாள். இரண்டு பச்சை வளையல்கள். அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

புல்லில் உட்கார்ந்து கட்டுச் சாதம் சாப்பிடும்போது அத்தை அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "உப்புக் கொஞ்சம் கம்மி" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும் வழி

இறங்குவதற்கு அத்தையின் முழங்கால் இடங்கொடுக்கவில்லை. "போகும்போதுதானே நடக்கணும்" என்று அவளே வழி செய்து கொடுத்தாள். ஜீப்பில் குமுளிக்கு வந்தோம். எங்களுடன் ஜீப்பில் வந்தவர்கள் ஒரு மலையாளக் குடும்பத்தார். குலுங்குகிற வண்டியில் அவர்களும் அத்தையும் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக ஒருவருக்கொருவர் முழங்கால் வலிக்கு மருந்து சொல்லிக்கொண்டார்கள்.

குமுளியிலிருந்து கூடலூருக்கு வரும் மலைப் பாதையில், மின்சார நிலையத்துக்கு இறங்குகிற ராட்சதக் குழாய்கள் தெரிந்தன. மேற்கே ஓடி அரபிக் கடலில் விழவேண்டிய பெரியாற்றின் ஜலம் இந்தக் குழாய்கள் வழியாகத்தான் கிழக்கே வருகிறது. 1886-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 வருஷத்துக்கு ஒப்பந்தம் செய்து, பென்னிகுயிக் துரையின் மேற்பார்வையில் அணை கட்டி, 1895-இல் திறந்தார்கள். லோயர் காம்பில் அவருக்கு 2013-இல் மணிமண்டபமும் திறக்கப்பட்டது. மலைக்கு அந்தப் பக்கத்து ஜலத்தை உண்டு வாழ்கிற பள்ளத்தாக்கு இது. மலைமேல் இருக்கிற அம்மனையும் அந்தப் பக்கத்தாரோடு பங்கிட்டுக்கொள்வதில் இவர்களுக்குச் சிரமம் இருக்க முடியாது என்று நமக்குத் தோன்றிற்று.

போக விரும்பும் நேயர்களுக்குச் சில வார்த்தைகள். முதல் நாளே கம்பத்திலோ கூடலூரிலோ குமுளியிலோ வந்து தங்கிவிட வேண்டும். மாலைக்குள் எல்லோரும் மலையை விட்டு இறங்கியாக வேண்டுமாதலால், நடப்பவர்கள் விடியற்காலையிலேயே புறப்படுவது நலம். உச்சியில் நிழல் குறைவு. குடையோ துண்டோ அவசியம். தண்ணீருக்குப் பித்தளை அல்லது எவர்சில்வர்ப் பாத்திரமே உத்தமம். கொண்டு போன குப்பையைக் கொண்டு வந்துவிடுங்கள். மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாட்களும் அந்த இடம் யானைக்கும் காட்டெருமைக்கும் சொந்தம்.

மறுநாள் காலையில் ஊருக்குப் புறப்பட்டோம். அத்தை வாசல் வரையில் வந்து, மகளுடைய தலையைத் தடவி விடை கொடுத்தாள். அப்போதுதான் அவள் மணிக்கட்டில் அந்தப் பச்சை வளையல்கள் இரண்டும் கிடப்பதைக் கண்டோம். நாம் ஏதோ சொல்ல வாயெடுத்தோம். இல்லாள் கையைப் பிடித்து அழுத்தினாள். சும்மா இருந்துவிட்டோம்.

விடுமுறை கழிந்து பள்ளிக்கூடம் திறந்ததும், கேள்வி கேட்ட பையனைத் தேடிப் பிடித்து, "அப்பா, பார்த்துவிட்டு வந்தோம்" என்றோம். "எப்படி இருக்கிறது ஸார்?" என்றான்.

"இடிந்து கிடக்கிறது. ஆனால் ஜனங்கள் ஏறிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்" என்றோம்.